தாமிரம் மிகுந்தால் கொலஸ்ட்ரால் ஏன் குறைகிறது?

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கோழித் தீவனத்தை ஆராய்ந்துவந்த பக்காலி, பெஸ்டி முதலியோர் 1990களில் கறிக்கோழிகளுக்கு அளவுக்கு மீறித் தாமிரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கிலோ தீவனத்தில் 8 மில்லிகிராம் தாமிரம் இருந்தாலே கோழி நன்றாக வளரும். இவர்கள் கலந்தது 250 மில்லிகிராம், அதாவது தேவையைப்போல் முப்பது மடங்கு. பண்ணைக்காரர்களுக்கு இந்த அளவு புதிதில்லை. குடல் நுண்ணுயிர்களை அடக்கி எடையைக் கூட்டும் என்று பன்றிக்கும் கோழிக்கும் தாமிர உப்பைத் தாராளமாகக் கலக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. ஆனால் 1995இல் இந்தக் குழு வெளியிட்ட முடிவு வேறொரு வகையில் கவனத்தை ஈர்த்தது. தாமிரம் தின்ற கோழிகளின் இரத்தத்திலும் நெஞ்சுக்கறியிலும் கொலஸ்ட்ரால் குறைந்திருந்தது. அடுத்து முட்டைக்கோழிகளிடம் சோதித்தபோது மஞ்சள் கருவிலும் குறைந்தது.

இதை மட்டும் படிப்பவர், தாமிரம் கொழுப்பைக் கரைக்கும் என்ற முடிவுக்கு வந்துவிடுவார். செம்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீரைக் குடித்தால் ஊளைச்சதை குறையும், கொலஸ்ட்ரால் இறங்கும் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். தாமிரம் மிகுந்தால் கொலஸ்ட்ரால் குறைவதுண்டு என்பது உண்மைதான். எப்படிக் குறைகிறது, அதற்கு உடல் என்ன விலை கொடுக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பு முழுவதிலும் இருக்கும் தாமிரம் ஏறத்தாழ 100 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே தேவை. பருப்பு, எள், முந்திரி, ஈரல், தானியங்கள் என்று வழக்கமான சாப்பாட்டிலிருந்தே அது வந்துவிடும். சுவாசத்தின் கடைசிப் படியில் ஆக்சிஜனைக் கையாளும் என்சைம், இரும்பை இரத்தத்தில் நகர்த்த உதவும் என்சைம், எலும்பையும் இரத்தக்குழாய்ச் சுவரையும் உறுதியாக்கும் என்சைம் என்று பலவற்றுக்குத் தாமிரம் இன்றியமையாதது. எலக்ட்ரானைச் சட்டென்று கொடுக்கவும் வாங்கவும் முடிவதால்தான் அதற்கு இத்தனை வேலை. அதே குணத்தால்தான் அது ஆபத்தானதும்கூட. கட்டுப்பாடில்லாமல் திரியும் தாமிர அயனி, பக்கத்தில் இருக்கும் புரதத்தையும் கொழுப்பையும் கெடுத்துவிடும். அதனால் செல்லுக்குள் தாமிரம் தனியாக உலவ அனுமதியே கிடையாது. ஒரு புரதம் இன்னொரு புரதத்திடம் கைமாற்றிக்கொண்டே போகும்.

மிஞ்சியதை வெளியேற்றும் பொறுப்பு கல்லீரலுக்கு. ஏடிபி7பி என்ற புரதம்தான் இதில் முதன்மையானது. அது தாமிரத்தைச் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தில் ஏற்றி இரத்தத்துக்கு அனுப்புகிறது; அதிகமாக இருந்தால் பித்தநீரில் தள்ளிவிடுகிறது. பித்தநீர் வழியே போவதுதான் உண்மையான வெளியேற்றம். சிறுநீரில் போவது மிகச் சொற்பம்.

கொலஸ்ட்ராலுக்கும் அதே கல்லீரல்தான் வீடு. கல்லீரல் செல் தானே கொலஸ்ட்ராலை உண்டாக்குகிறது, கொழுப்புத் துகள்களில் ஏற்றி இரத்தத்துக்கு அனுப்புகிறது, இரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் துகள்களைத் திரும்பப் பிடித்து இழுத்துக்கொள்கிறது, மிஞ்சியதைப் பித்த அமிலமாக மாற்றிப் பித்தநீரில் விடுகிறது. இத்தனையும் ஒரு மேற்பார்வைக்குக் கீழ் நடக்கின்றன. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மிதவை தாழ்ந்து மோட்டார் தானாக ஓடுவதுபோல, செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குறைந்தவுடன் ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் உட்கருவுக்குள் போய், கொலஸ்ட்ரால் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகளையும் கூட்டும். பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு வாங்கியது இந்த ஏற்பிகளையும் இவற்றின் கட்டுப்பாட்டையும் கண்டறிந்ததற்காகவே.

ஸ்டாட்டின் மாத்திரை வேலை செய்யும் விதம் இங்கே முக்கியம். கொலஸ்ட்ரால் தயாரிப்பில் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற என்சைமை ஸ்டாட்டின் தடுக்கிறது. உள்ளே கொலஸ்ட்ரால் குறைந்ததை உணர்ந்த கல்லீரல், வெளியே சுற்றும் எல்டிஎல்லைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. அதனால் இரத்தத்தில் அளவு இறங்குகிறது. மாத்திரையின் பலனில் பெரும்பங்கு, ஆரோக்கியமான கல்லீரலின் பதில் நடவடிக்கையால் வருவது. இந்த இறக்கமும் தாமிரத்தால் வரும் இறக்கமும் இரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரே மாதிரி தெரியும்; இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை இனி பார்ப்போம்.

தாமிரம் மிகுந்தால் மனித உடம்பில் என்ன ஆகும் என்பதை இயற்கையே ஒரு நோயில் காட்டியிருக்கிறது. 1912இல் லண்டனில் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர், கைகால் நடுங்கி, பேச்சுக் குழறி, உடல் விறைத்து இறந்துபோன இளைஞர்களைப் பற்றி எழுதினார். மூளையின் குறிப்பிட்ட ஒரு பகுதி சிதைந்திருந்தது; கல்லீரலும் சுருங்கித் தழும்பேறியிருந்தது. மூளையும் கல்லீரலும் ஒன்றாகக் கெடுவதன் காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. காரணம் தாமிரம் என்பது உறுதிப்பட 1940களின் இறுதியாயிற்று. அவர் பெயரால் வில்சன் நோய் எனப்படும் இதன் மூலம், ஏடிபி7பி மரபணுவில் உள்ள கோளாறு என்பது 1993இல் தெரிந்தது. தாமிரத்தைப் பித்தநீரில் தள்ள முடியாமல் கல்லீரல் சேர்த்துக்கொண்டே போகிறது. உலர்ந்த எடையில் ஒரு கிராம் கல்லீரலுக்குச் சுமார் 50 மைக்ரோகிராம் வரை இருக்கவேண்டியது, இந்நோயில் 250ஐத் தாண்டும், ஆயிரத்தையும் தாண்டும். கல்லீரல் நிரம்பியபின் மூளைக்கும் கண்ணுக்கும் வழிகிறது. கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையமாக அது படிவதை விளக்கின் முன் வைத்துப் பார்க்கலாம்.

நெடுங்காலம் எல்லோரும் நினைத்தது இதுதான்: அதிகத் தாமிரம் செல்லில் ஆக்சிஜன் சார்ந்த நச்சுத் துகள்களை உண்டாக்குகிறது, அவை கண்டதையும் எரித்து நாசம் செய்கின்றன, கல்லீரல் கெட்டபின் கொழுப்புக் கணக்கும் கெடுகிறது. கேட்க நியாயமாகவே இருந்தது. 2007இல் ஹூஸ்டர், லுட்சென்கோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. ஏடிபி7பி மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆறு வார வயதில் அந்த எலிகளின் கல்லீரலில் தாமிரம் பல மடங்கு ஏறியிருக்கும். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் திசு இன்னும் பெரிதாகச் சிதைந்திருக்காது. அந்தத் தருணத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எவை கூடியிருக்கின்றன, எவை குறைந்திருக்கின்றன என்று மொத்தமாக அளந்தார்கள்.

கண்மூடித்தனமான நாசம் என்றால் எல்லா வேலைகளும் கொஞ்சம் கொஞ்சம் குலைந்திருக்கவேண்டும். அப்படி இல்லை. செல் பிரிதலுக்கான மரபணுக்கள் கூடியிருந்தன. கொழுப்பு வளர்சிதை மாற்றத்துக்கானவை, குறிப்பாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்புக்கானவை, வரிசையாகக் குறைந்திருந்தன. எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸும் அவற்றில் ஒன்று. கல்லீரலில் கொலஸ்ட்ரால் குறைந்திருந்தது. கல்லீரலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வெளியே வரும் விஎல்டிஎல் துகள்களிலும் குறைந்திருந்தது. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது ஒரு முரண்: உள்ளே கொலஸ்ட்ரால் குறைந்தால் அந்த மரபணுக்கள் ஏறியிருக்கவேண்டும். தொட்டி வற்றிக் கிடக்கிறது, மோட்டார் ஓடவில்லை. ஆக, தாமிரம் கட்டுப்பாட்டு அமைப்பையே தொட்டுவிட்டது. அதுவும் கல்லீரல் அழியத் தொடங்குமுன்பே.

எங்கே தொட்டது? எக்ஸ்ரே ஒளிர்வு நுண்ணோக்கியில் தாமிரம் இருக்குமிடத்தைப் படமெடுத்தபோது, அது செல்லின் உட்கருவுக்குள்ளும் குவிந்திருப்பது தெரிந்தது. மரபணுக்கள் இருக்கும் இடம் அது. அங்கே கொழுப்பையும் பித்த அமிலத்தையும் உணர்ந்து மரபணுக்களை இயக்கும் ஒரு புரதக் குடும்பம் உண்டு. உட்கரு ஏற்பிகள் என்று பெயர். எல்எக்ஸ்ஆர், எஃப்எக்ஸ்ஆர், ஆர்எக்ஸ்ஆர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவை டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் பகுதியில், நான்கு சிஸ்டீன் அமினோ அமிலங்கள் ஒரு துத்தநாக அணுவைச் சுற்றிப் பிடித்து விரல்போன்ற வடிவத்தைக் காக்கின்றன. சிஸ்டீனில் உள்ள கந்தகத்தோடு தாமிரம் துத்தநாகத்தைவிட இறுக்கமாக ஒட்டும். தாமிரம் மிகும்போது துத்தநாகத்தின் இடத்தில் அது குறுக்கிடுகிறது, விரலின் வடிவம் குலைகிறது, ஏற்பி டிஎன்ஏவைச் சரியாகப் பிடிக்காமல் போகிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். 2015இல் வெளியான இன்னொரு ஆய்வில் எஃப்எக்ஸ்ஆர் முதலிய ஏற்பிகள் டிஎன்ஏவோடு இணைவது குறைந்திருப்பதும், அவற்றின் ஆணைப்படி இயங்கவேண்டிய பித்த அமில மரபணுக்கள் தடுமாறுவதும் காட்டப்பட்டன. சுண்டெலிகளில் மட்டுமல்ல, வில்சன் நோயாளிகளின் கல்லீரலிலும் அந்தப் பாதிப்பின் தடம் இருந்தது.

2016இல் வந்த பரிசோதனைதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உச்சம். அதே வில்சன் எலிகளுக்கு எல்எக்ஸ்ஆரைத் தூண்டும் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்தார்கள். தாமிரத்தை வெளியேற்ற எதுவும் செய்யவில்லை. கல்லீரலில் அது அப்படியே மிகுந்திருந்தது. இருந்தும் கல்லீரலின் நிலை தேறியது. அழற்சியும் தழும்பேறுதலும் குறைந்தன. கொழுப்புக் கட்டுப்பாடு குலைவது பக்க விளைவு மட்டுமாக இருந்தால் இது நடந்திருக்காது. தாமிரம் கல்லீரலைக் கெடுக்கும் வழிகளில் ஒன்று அந்தக் குலைவின் ஊடாகவே போகிறது.

கொலஸ்ட்ரால் குறைகிறதே, அப்படியானால் கல்லீரலில் கொழுப்பும் குறையுமா? இல்லை, இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வில்சன் நோயாளிகளின் கல்லீரல் திசுவில் மிக ஆரம்பத்திலேயே தெரியும் மாற்றங்களில் ஒன்று கொழுப்புத் துளிகள் சேர்வது. அது கொலஸ்ட்ரால் இல்லை, பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு. கொழுப்பு அமிலத்தை எரிப்பது மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. வில்சன் நோயில் அவற்றின் உள்மடிப்புகள் உப்பி விகாரமாவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். எரிக்கவேண்டிய இடம் கெட்டால், எரியாத கொழுப்பு செல்லிலேயே தங்கும். 2022இல் பாஸ்டனுக்கு அருகிலுள்ள பிராட் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு இதற்கு இன்னொரு பரிமாணத்தைக் கொடுத்தது. மிகையான தாமிரம், மைட்டோகாண்ட்ரியாவில் லிப்போயிக் அமிலம் ஒட்டியுள்ள சில என்சைம்களோடு நேரடியாக இணைந்து அவற்றைக் கட்டியாக்கி, செல்லைக் கொன்றுவிடுகிறது. பைருவேட்டிலிருந்து அசிட்டைல்-கோஏ உண்டாக்கும் என்சைமின் ஒரு பகுதியும் அதில் சிக்குகிறது. கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் இரண்டுக்கும் மூலப்பொருள் அசிட்டைல்-கோஏதான். ஆய்வுக்கூடத்துச் செல்களில் கண்டதை அப்படியே நோயாளியின் கல்லீரலுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் தாமிரம் கொழுப்பின் அடித்தளத்துக்கு எவ்வளவு அருகில் கைவைக்கிறது என்பதை இது காட்டுகிறது.

கொழுப்பை எரிக்கத் தாமிரம் உதவும் என்ற செய்தியும் 2016இல் பரவியது. அதன் மூலம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கிறிஸ்டோபர் சாங் குழுவினர் செய்த நேர்த்தியான ஆய்வு. கொழுப்புச் செல்லில் பிடிஇ3பி என்ற என்சைமைத் தாமிரம் அடக்குகிறது. அதனால் சேமித்த கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்கள் வெளியே வருவது கூடுகிறது. உடைந்து வெளியே வருவது ஒன்று, எரிந்து தீர்வது வேறு. வெளியே வந்தது எங்காவது எரிந்தாகவேண்டும், எரிக்கும் உறுப்புகளில் கல்லீரலும் ஒன்று. செல்லுக்குள் இயல்பாக நடக்கும் ஒரு சைகையைக் கண்டுபிடித்ததை, தாமிரம் சாப்பிட்டால் இளைக்கலாம் என்று படிப்பது பெரிய தாவல்.

இனி எதிர்ப்பக்கம். அமெரிக்காவில் லெஸ்லி கிளீவே என்பவர் 1973இலேயே எலிகளுக்குத் துத்தநாகத்தைக் கூட்டி, அதன் எதிரில் தாமிரத்தைக் குறைத்து, கொலஸ்ட்ரால் ஏறுவதைக் காட்டினார். 1984இல் அவர் குழு, தாமிரம் குறைந்த உணவை உண்ட இளைஞர் ஒருவரிடமும் கொலஸ்ட்ரால் ஏறியதைப் பதிவுசெய்தது. தாமிரப் பற்றாக்குறை உள்ள எலிகளின் கல்லீரலில் குளுட்டத்தயோன் என்ற பொருள் கூடுகிறது, அதோடு எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸின் வேகமும் கூடுகிறது. தாமிரம் மிகையாகத் தின்ற கோழிகளிடம் இரண்டும் குறைந்தன. ஆக, தாமிரத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் இடையே தொடர்பு இருப்பது உறுதி. அதற்காக, குறைவாக இருந்தால் ஏறும், அதிகமாக இருந்தால் இறங்கும் என்று ஒரு கோடு போட்டு, இறங்குவது எல்லாம் நன்மை என்று சொல்லிவிட முடியாது. சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்குப் பற்றாக்குறை வருவது அபூர்வம்.

அந்தக் கோட்டை உடைக்கும் ஒரு பிராணியும் உண்டு. பெட்லிங்டன் டெரியர் என்ற ஆங்கிலேய நாய் இனம், ஆட்டுக்குட்டிபோல் சுருள்முடியோடு இருக்கும். இவற்றில் சில கல்லீரலில் தாமிரம் சேர்ந்து செத்துப்போவதை மருத்துவர்கள் அறிவார்கள். 2002இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டார்கள். இப்போது அதற்கு காம்டி1 என்று பெயர். தாமிரம் மிகுந்த இந்த நாய்களின் கொலஸ்ட்ரால் குறைந்திருக்கவேண்டும் அல்லவா? 2016இல் அளந்தபோது அது கூடியிருந்தது. காரணம், செல்லுக்குள் போன எல்டிஎல் ஏற்பியைத் திரும்பச் செல்லின் மேற்பரப்புக்கு அனுப்பும் ஏற்பாட்டில் காம்டி1க்குப் பங்கிருக்கிறது. அது இல்லாதபோது ஏற்பிகள் உள்ளேயே அழிகின்றன, எல்டிஎல் இரத்தத்தில் தேங்குகிறது. உடம்பில் தாமிரம் கூடினால் கொலஸ்ட்ரால் இப்படித்தான் மாறும் என்று பொதுவிதி சொல்ல வருகிறவர்கள் இந்த நாயை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரத்தத்தில் உள்ள எல்டிஎல்லின் அளவு மட்டுமல்ல, அதன் தரமும் கணக்கில் வரவேண்டும். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல்தான் இரத்தக்குழாய்ச் சுவரில் தங்கும் செல்களால் விழுங்கப்பட்டு அடைப்புக்கு வித்திடுகிறது. ஆய்வுக்கூடத்தில் எல்டிஎல்லைக் கெடுக்க வேண்டுமென்றால் விஞ்ஞானிகள் 1980களிலிருந்து எடுத்துப்போடுவது தாமிர சல்பேட்டைத்தான். மனித இரத்தக்குழாயில் தாமிரம் அதே அளவு வேலை செய்கிறதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கும் விஷயம்.

வில்சன் நோய் பரம்பரை வழி வருவது. பாத்திரத்திலிருந்தே மிகை தாமிரம் வந்து குழந்தைகளைக் கொன்ற வரலாறும் நம் நாட்டுக்கு உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளின் வயிறு உப்பி, ஈரல் கல்லாக இறுகி, மஞ்சள் காமாலையில் போய்ச்சேரும் அந்த நோயை இந்தியக் குழந்தை ஈரல் இறுக்கம் என்று மருத்துவ நூல்கள் குறித்தன. தமிழ்நாட்டுத் தாய்மார்கள் ஈரல்கட்டி என்றார்கள். 1983இல் டேனர் முதலியோர் புனேயில் செய்த ஆய்வின் அடிப்படையில் ஒரு காரணத்தை முன்வைத்தார்கள்: பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த மாட்டுப்பாலைப் பச்சிளங்குழந்தைக்குக் கொடுப்பது. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த தண்ணீர் அவ்வளவாகத் தாமிரத்தை இழுக்காது. பாலிலுள்ள கேசின் புரதம் உலோகத்தைப் பற்றி எடுத்துக்கொள்ளும். குழந்தைக்கோ பித்தநீர் வழியே வெளியேற்றும் ஆற்றல் இன்னும் முழுமையாக வந்திருக்காது. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதும், பூச்சு தேய்ந்தால் புளிக்குழம்பு வைக்க விடாததும் அர்த்தமுள்ள வழக்கங்கள். எவர்சில்வர் வந்தபின் அந்த நோய் அநேகமாக மறைந்துபோனது. ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியிலும் இதே கதை: 1900க்கும் 1974க்கும் இடையில் அங்கே 138 குழந்தைகள் இறந்தார்கள், செம்புப் பாத்திரத்துப் பால் நின்றதும் நோயும் நின்றது. இந்தியக் குழந்தைகளின் ஈரலில் தாமிரம் வில்சன் நோயையும் மிஞ்சும் அளவுக்கு ஏறியிருந்தும், கொழுப்புத் துளிகள் அங்கே அநேகமாகக் காணப்படவில்லை. எல்லாக் கல்லீரலும் ஒரே மாதிரிப் பதில் சொல்வதில்லை.

அப்படியானால் செம்புக் குடத் தண்ணீர்? இரவு ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் வெறும் தண்ணீரில் சேரும் தாமிரம், உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற எல்லைக்கு வெகு கீழே நிற்பதாகவே சோதனைகள் காட்டுகின்றன. நுண்ணுயிர்களும் குறைகின்றன. ஆரோக்கியமானவர் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அந்த அளவு தாமிரம் கொலஸ்ட்ராலை இறக்கும் அளவும் இல்லை. இறக்கும் அளவுக்குப் போனால் அது மருந்தாக இருக்காது. எலுமிச்சைச் சாறு, மோர் போன்ற புளிப்பானவற்றைப் பூச்சில்லாத செம்பில் ஊற்றி வைக்கக் கூடாது. கைக்குழந்தையின் பாலுக்கும் அது ஆகாது. வில்சன் நோய் உள்ளவர்கள் செம்புப் பாத்திரத்தின் பக்கமே போகக் கூடாது.

பருமன் இல்லை, குடி இல்லை, சர்க்கரை இல்லை. ஆனாலும் பதினைந்து வயதுப் பிள்ளையின் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வருகிறது, கல்லீரல் என்சைம்கள் ஏறியிருக்கின்றன. கொலஸ்ட்ரால் சரியாகவோ குறைவாகவோ இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாமல், வில்சன் நோயா என்று அறிய, செருலோபிளாஸ்மின் அளவையும், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரத்தையும், கண் மருத்துவரிடம் கருவிழி வளையத்தையும் பார்க்கச் சொல்லவேண்டும். மூன்றும் பெரிய செலவு பிடிக்கும் பரிசோதனைகள் இல்லை. தாமிரத்தைச் சிறுநீரில் இழுத்து வெளியேற்றும் பெனிசிலமின் 1956இலிருந்தே இருக்கிறது. ட்ரையென்டினும், குடலில் தாமிரம் ஏறாமல் தடுக்கும் துத்தநாக உப்பும் பின்னர் வந்தன. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும் என்பதால், சொந்தத்தில் பெண்கொடுத்துப் பெண்ணெடுக்கும் குடும்பங்களில் கூடுதல் கவனம் தேவை. ஒரு பிள்ளைக்கு உறுதியானால், கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. எந்தத் தொந்தரவும் தெரியாத தம்பிக்கோ தங்கைக்கோ அப்போதே கண்டுபிடித்து மருந்து தொடங்கினால், கல்லீரலும் மூளையும் கெடாமலே அவர்கள் வளர்ந்து ஆளாவார்கள்.